கைதட்டும் இடம்

கண்ணு,

காலையில் முதல் வேலையாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த ஒரே ஆங்கிலப் பக்கத்தை மறுபடியும் ஒப்பிக்கவைத்தேன். நாளை பெற்றோர் முன்னால் அவர்கள் அதைப் படித்துக் காட்ட வேண்டும். உன் அப்பாவின் பள்ளிக்கு இது அட்மிஷன் நேரம்.

முற்றுப்புள்ளி வந்தால் நிறுத்திக் கைதட்டப் பழக்கியிருக்கிறேன். சுசித்ரா வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை ஓட்டியபடி அந்தப் பழைய பக்கத்தையே கடகடவென்று சொன்னாள். சரியான இடங்களில் கையும் தட்டினாள்.

“சுசித்ராவுக்கு எழுத்தோட ஒலியே இன்னும் பிடிபடலைங்க. கொஞ்ச நாள் குடுங்க,” என்றேன் அப்பாவிடம்.

“அவங்கம்மாவுக்கு இங்கிலீசு தெரியவா போவுது? பெரிய டீச்சரு! அதெல்லாம் வூட்டுல வெச்சுக்க,” என்று சிரித்தார்.

அவள் அம்மா பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை சுமப்பவள். மகள் படிப்பதைக் கேட்க நாளை வேலைக்குப் போகாமல் வருகிறாள்.

பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒரே கேட். மணியடித்ததும் எல்லோரும் வெளியே போகிறார்கள், நான் உள்ளே போகிறேன்.

உன் விடுதியில் அம்மாக்களைத் தங்கவிடுவார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

நாளை மைக்கை முதலில் என்னிடம்தான் தருவார்கள். பிள்ளைகளை ஒப்பிக்கவிடாமல், “இவங்களுக்கு இன்னும் படிக்க வரலைங்க, நான் இன்னும் சொல்லிக் குடுக்கலைங்க” என்று பெற்றோரிடம் சொல்லிவிடப் போகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது.

அம்மா