குளிசை கரையுமட்டும்

கிரானில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருக்கும் என் மனைவியாருக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ தந்துவிட்டுப் போன நெஞ்சுவலிக் குளிசையை வெற்றிலையோடு சேர்த்து மென்று வேலியோரம் துப்பியிருக்கிறேன். வேலிக்கு இனி நெஞ்சுவலி வராது.

பிறகு வயலில் சற்றுக் குந்திவிட்டேன், வெயில்தான், வேறொன்றுமில்லை. சனம்தான் சும்மா என்னை ஆசுபத்திரிக்கு, மருந்து தரும் அப்போத்திக்கரி ஐயாவிடம் தூக்கிப்போனது.

"காலையும் மாலையும் நாக்குக்குக் கீழ வையும். கரையுமட்டும் வாய் திறக்கப்படாது. ஓட்டம் ஆட்டம் ஒண்டும் கூடாது காணும்!" என்று ஏசினார். கலியாணம் முடித்த நாள் முதல் உன்னால் மூட முடியாத வாயைக் கடுகளவு குளிசை மூடிவிட்டது. இப்போது ஒரு வேளையும் தவறுவதில்லை, சத்தியம்.

நேற்று மாலை குளிசை நாக்கடியில் இருக்கும்போது கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வந்தார்.

"என்ன மச்சான், சுகமா இரிக்கியா?"

தலையாட்டினேன்.

"அப்ப இந்த முறையும் வீமன் நீதான். ஏலாதெண்டா இப்பவே வாயத் திறந்து சொல்லு," என்று வெற்றிலை வட்டாவை நீட்டினார்.

வெற்றிலை எடுத்தால் வேஷத்தை ஏற்றதாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குளிசை இன்னும் கரையவில்லை. நீட்டிய வட்டாவைத் தள்ளுவதும் மரியாதையில்லை. எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்குச் சதங்கை கட்டுகிறார்கள். விடியவிடிய ஆட்டம்.

இப்படிக்கு,
உன் சொல் கேட்கிற மனிசன்