ஸ்பேமில் எட்டு நாள் கிடந்த ரிப்போர்ட்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே அனல். மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் இருபது நிமிடம். லேப்புக்குள் நுழையும்போதே போன். துபாயிலிருந்து ஒருவர், ஒரே சத்தம். ஒத்தக்கடையில் தனியாக இருக்கும் அவர் அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எட்டு நாளாக வரவில்லையாம். நாங்கள் ரத்தம் எடுத்த அன்றைக்கே மெயிலில் அனுப்பியாயிற்று.

"ஸ்பேம்ல பாருங்க சார்."

அந்தப் பக்கம் தேடுகிறார். பிறகு, "இருக்கு."

கிரியாட்டினின் அதிகம். கிட்னி விஷயம். அப்பாவோ மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறவராம்; அது கிட்னியைக் கெடுக்கும். "இன்னைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க சார்."

ரிசப்ஷன் மும்தாஜ்: "ஸ்பேம்ல பாருங்கன்னு ஒரு போர்டு மாட்டிருவோம்க்கா."

வேண்டாம். தப்பு நம் பக்கம்.

ஜூன் 4, செவ்வாய்

என்னுடைய மூன்று முகவரிகளுக்கும் மாதிரி ரிப்போர்ட் அனுப்பினேன். மூன்றிலும் ஸ்பேம். காரணங்கள்:

- எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று எங்கும் பதிவு இல்லை. யார் வேண்டுமானாலும் நாங்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.
- டிஜிட்டல் கையொப்பமும் இல்லை.
- ரிப்போர்ட் போகும் அதே முகவரியிலிருந்து வாரம் இரண்டு ஆஃபர் மெயில். கடுப்பில் ஜனம் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறது. ரிப்போர்ட்டுக்கும் அதே கதி.

இவற்றைச் சரிசெய்ய பாஸ்வேர்ட் கேட்டு, வெப்சைட் செய்துகொடுத்தவர்களுக்குப் போன்.

"உங்க ஐ.டி. ஆளைப் பேசச் சொல்லுங்க மேடம்."

"நான்தான்."

பாஸ்வேர்ட் சாயங்காலம் வந்தது.

ஜூன் 5, புதன்

அனுமதிப் பதிவையும் கையொப்பத்தையும் ஏற்றிவிட்டுப் பெருமையாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் போன மெயிலெல்லாம் திரும்பி வந்து கிடக்கிறது. பதிவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஒரே ஓர் எழுத்து! திருத்தினேன். பாதிக்கப்பட்ட பதினாலு பேருக்கும் நானே போன் செய்து, என் தவறு என்று சொல்லி, மறுபடி அனுப்பினேன். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

ஜூன் 6, வியாழன்

முதலாளி ஜாகிர் அண்ணனிடம் ஆஃபர் மெயிலை நிறுத்தச் சொன்னேன்.

"அது போகாட்டி ஆளு எப்படிம்மா வரும்?"

வாதாடவில்லை. அந்த மெயில்களுக்கு வந்த பதில்களைத் திறந்து காட்டினேன். இதுவரை யாரும் எட்டிப் பார்க்காத பெட்டி. ஒரு பெண் மூன்று முறை எழுதியிருக்கிறார்: 'அம்மா இறந்துவிட்டார். தயவுசெய்து அவர் பெயருக்கு அனுப்பாதீர்கள்.'

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா?"

அவரே பேசினார். "மன்னிச்சிருங்கம்மா. நாங்க பார்க்காம விட்டுட்டோம்."

வைத்துவிட்டு என்னிடம்: "வேணும்ங்கிறவங்களுக்கு மட்டும் போகட்டும். அதுவும் வேற முகவரியில."

ஆஃபர் மெயிலின் அடியில் 'இனி வேண்டாம்' பொத்தான் வைத்தாயிற்று.

ஜூன் 10, திங்கள்

என் முகவரிகளுக்கு மறுபடி மாதிரி ரிப்போர்ட். மூன்றில் ஒன்று இன்பாக்ஸ். மற்ற இரண்டும் எங்களை இன்னும் நம்பவில்லை. பயன்பாட்டில் இல்லாத முகவரிகளைப் பட்டியலிலிருந்து நீக்கினேன், நாள் முழுக்க. கழுத்து வலி. மும்தாஜ் தைலம் தந்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றும் இன்பாக்ஸ்!

ஒத்தக்கடைப் பெரியவருக்கு மறு பரிசோதனை. டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தியதில் கிரியாட்டினின் இறங்கியிருக்கிறது. ரிப்போர்ட் அனுப்பிய நாலாவது நிமிடம் துபாயிலிருந்து பதில்: 'நேரா வந்துருச்சு மேடம். அப்பாகிட்ட பேசிட்டேன்.'

யாரும் சொல்லித்தரவில்லை. நானே படித்து, நானே தப்புச் செய்து, நானே திருத்தியது. வெளியே சொன்னால் அலட்டல். இங்கே எழுதலாம்: நான் கெட்டிக்காரி.

ஜூன் 23, ஞாயிறு

டி. கல்லுப்பட்டி, வீடு. லேசான தூறல். அம்மா காட்டு வேலைக்குப் போய் என்னைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்தவர். என் வேலை என்னவென்று இன்றுதான் கேட்டார். சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எம்புட்டுப் பேருக்குப் போகுது?"

"எரநூறு இருக்கும்மா."

"அம்புட்டுக்கும் நீதான் பொறுப்பா?"

"ஆமா."

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவர் குரல், தெருவுக்கே கேட்கும்படி: "எம்மக இல்லேன்னா மதுரையில ஒருத்தருக்கும் ரத்த ரிப்போட்டு போய்ச் சேராதாம்ல!"