மூடுபனியில் ஒன்று ஒன்று இரண்டு

அன்பு மகள் வான்-ருவுக்கு,

அப்பாவின் ஆசிகள். இது கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளையும் வான்கூவர் குளிரில் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் தேறிவிட்டோம். தேறிவிட்டோம் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டோம், போனில் சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள், இப்போது அவளே "கடுதாசில எழுதிடுங்க, அது போய்ச் சேர்றதுக்குள்ள நான் நல்லா நடந்துடுவேன்" என்கிறாள்.

நம் மலைத்தோட்டத்து லோங்கன் பழமரங்கள் பூத்திருந்த சமயம். மதியமே பனி இறங்கி, தேன்பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு மறைந்து, ரீங்காரம் மட்டும் எல்லாப் பக்கமும் இருந்தது. மேல் அடுக்குக் கல்வரப்பில் நின்றிருந்த அம்மா வழுக்கிக் கீழ் அடுக்கில் விழுந்துவிட்டாள். இடுப்பை அசைக்க முடியவில்லை. என் கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நான்கு வருடத்துக்கு முன்பு கைப்பேசிக் கோபுரம் வைக்க வந்தவர்களை, அலை தேனீயைக் கொல்லும், பிள்ளைகளுக்கு ஆகாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மலைக்கு அந்தப்புறம் விரட்டியவன் உன் அப்பாதான்.

அவளை விட்டுவிட்டு சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடுவதா, கூடவே இருப்பதா என்று தெரியாமல் நின்றேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, "ஒன்னு ஒன்னு ரெண்டு போடுங்க, கோடு இல்லேன்னாலும் போகுமாம்" என்றாள். போட்டேன். எதிர் மலையில் வேறு ஏதோ கம்பெனியின் கோபுரம் பிடித்துக்கொண்டது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வேண்டுமானால் ஒன்பதை அழுத்தச் சொல்லி ஒரு பதிவுக் குரல், அழுத்தியதும் ஒரு பெண். "ஐயா, அம்மாவை நகர்த்தாதீங்க. உங்க மேல்சட்டையைப் போத்துங்க. அவங்ககிட்ட பேசிக்கிட்டே இருங்க, நான் எங்கயும் போகல." மரம் இல்லை, மலை இல்லை, வெள்ளைக்குள் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குரலும் மிதந்துகொண்டிருந்தோம். நாற்பது நிமிடம். எங்கள் கல்யாணக் கதையைச் சொன்னேன், "இவரு பொய் சொல்றாரு, பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு இவருக்குப் பேச்சே வரல" என்று அம்மா முனகித் திருத்தினாள், அந்தப் பெண் சிரித்தாள். பிறகு மீட்புப் படையின் ஆரஞ்சு உடைகள் பனியிலிருந்து முளைத்து வந்தன.

இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள், பயமில்லை. அவள் வீடு திரும்பியதும் நானே கைப்பேசிக் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்க் கோபுரம் கேட்டேன். சியென் என்ற இன்ஜினியர் பெண் அளக்கும் கருவியோடு வந்தாள். "பெரியப்பா, கோபுரம் தூரமா இருந்தா உங்க காதுல இருக்கற போன்தான் கத்திப் பேசணும். பக்கத்துல இருந்தா மெதுவாப் பேசும். கோபுரத்தைத் துரத்திட்டு, கத்தறதைக் காதோரம் வெச்சுக்கிட்டீங்களே" என்றாள். வெட்கமாக இருந்தது. தேனீக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "அலையோட அளவு மனுஷங்களுக்கு வெச்சிருக்கற வரம்புக்கு ரொம்பக் கீழேதான் இருக்கும். தேனீயைப் பத்தி இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க, தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்" என்றாள். அந்தப் பதிலின் நேர்மைக்காகத்தான் முழு மனதோடு ஒப்புக்கொண்டேன்.

இந்தத் தடவை கோபுரம் வேண்டும் என்று கையெழுத்து கேட்டு, மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினேன். மளிகைக்கடை வூ, "அன்னிக்கு ஒரு கதை, இன்னிக்கு ஒரு கதையா?" என்றான். ஆமாம், அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை என்றேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான், இரண்டு வீடு இன்னும் கதவைத் திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை கோபுரம் வேலை செய்ய ஆரம்பித்தது. நான் தோட்டத்தில் பெட்டிகளுக்கு நடுவே இருந்தேன், பனி, சட்டைப்பையில் மணி அடித்தது. அம்மா. "இஞ்சி தீந்துடுச்சு, வரும்போது பிடுங்கிட்டு வாங்க." சரி என்றேன். அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அடுப்பில் கஞ்சி கொதிப்பது கேட்டது, அவள் கைத்தடி தரையில் தட்டுவது கேட்டது, தேனீக்கள் சுற்றிச் சுற்றி வந்தன, அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். மலையேறப் போனால் போனை முழுக்க சார்ஜ் செய்துகொண்டு போ, சிக்னல் குறைந்த இடத்தில் காதில் ஒட்டிப் பேசாதே, ஒயர் மாட்டிப் பேசு.

உன் அப்பா,
லாய் தியென்-ஷெங்