கை தவறிய ஃபோன்

புதுச்சத்திரம்

மகளுக்கு,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில் இருந்த வெண்ணந்தூர் முகவரிக்கு எழுதுகிறேன். உன் எண் உடைந்த ஃபோனோடு போய்விட்டது. உன் அம்மாவிடம் கேட்க எனக்கு மனமில்லை.

அந்த ஃபோனை வாங்கிய அன்று இன்சூரன்ஸ் வீண் செலவு என்றேன். "உங்க கோவத்துக்கு அது வேணுமுங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே நீதான் கட்டினாய். கடைசியில் அதை உடைத்தது யாருடைய கோபம்? இன்று உனக்கு மாமனாராகப் போகிற அமிர்தசாமியைக் கூப்பிட்டு, அவர் மகனை உன் பக்கம் வராமல் அடக்கி வைக்கச் சொல்லத்தான் ஃபோனை எடுத்தேன். நீ அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாய். நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

போன வாரம் நாமக்கல்லில் அதை வாங்கிய கடைக்கே போனேன்.

"எப்படிங்க சார் ஒடஞ்சுது?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். "ஊட்டுல யாராச்சும் வேணும்னே ஒடச்சிருந்தா இன்சூரன்ஸ் கிடைக்காதுங்க. அப்படி எதுவும் இல்லீங்களே?"

நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வரும் எண்ணத்தில்தான் போயிருந்தேன். பொய் சொன்ன மாணவர்களை இன்றும் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறவன் நான். "கை தவறிருச்சும்மா" என்றேன். யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை.

இன்று புது ஃபோன் வந்தது. அதில் ஒரு பெயர்கூட இல்லை. இன்சூரன்ஸ் வீண் செலவு என்று இப்போதும் சொல்வேன்.

கல்யாணத்துக்கு வருவேனா என்பதை இதில் எழுதப்போவதில்லை. அதை நீதான் கேட்க வேண்டும்.

என் எண் பழையதுதான்.

அப்பா