ஏந்தியவளைப் பெற்றவளாக்கிய குறிப்பை நீக்கக் கோரி

அனுப்புநர்:
ரூஃபினா நாபுதி கிச்சோச்சோ,
ஆசிரியை, தொடக்கப்பள்ளி,
லுமோத் கிராமம், குவாம்.

பெறுநர்:
மறைமாவட்டச் செயலர் அவர்கள்,
ஆயர் இல்லம், அகானா.

பொருள்: லுமோத் பங்கின் ஞானஸ்நான ஏட்டில், விசென்தே நாபுதி என்பவரின் பெயருக்கு எதிரே 1960-இல் எழுதப்பட்ட "தாய் ஒருவரே, மணத்தடை" என்ற ஓரக்குறிப்பை நீக்கி, அவரைப் பெற்றவரையும் ஞானஸ்நானத்தில் ஏந்தியவரையும் உரிய இடங்களில் பதியக் கோருதல். அவருடைய உடல் வரும் வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்து இறங்குவதற்குள் ஆணை தேவைப்படுதல்.

மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு,

1. மேற்படி விசென்தே நாபுதி சென்ற வாரம் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் காலமானார். அவரும் நானும் திருமணம் செய்துகொள்ள இருந்தோம். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு கோவிலில் எங்களுக்கு முதல் கல்யாண ஓலை வாசிக்கும் முன்பே திருமணம் நிறுத்தப்பட்டது. நாங்கள் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று ஏடு சொல்வதாகச் சொன்னார்கள். நாங்கள் அப்படி இல்லை. அதற்கான சான்றுகள் இப்போது கிடைத்துள்ளன. காலம் கடந்து கிடைத்துள்ளன என்பதைத் தாங்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

2. எங்கள் தீவில் யார் யாருக்கு என்ன உறவு என்று பார்க்காமல் எந்தப் பங்கிலும் கல்யாணம் நடப்பதில்லை. அன்று எங்கள் பங்குத்தந்தையாக இருந்தவர் தந்தை லெயோபோல்ட். நல்ல மனிதர், நாய்க்குக்கூடத் தம் தட்டிலிருந்து சோறு போடுபவர். ஆனால் குடும்ப மரம் வரைவதில் அவருக்கு ஒரு பித்து. பெரிய தாளில் கோடு கோடாக இழுத்து, ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் இன்னொருவரோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். விசென்தேயின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை, தாய் மரியா குரூஸ் நாபுதி என்று இருந்தது. என் பதிவில் தகப்பன் பெயர் இருந்தது, தாய் மரியா குரூஸ் நாபுதி என்று இருந்தது. அவர் ஒரு கோடு இழுத்தார். எங்கள் கல்யாணம் அதோடு முடிந்தது.

3. எங்கள் ஊரில் நாபுதி என்ற பெயரில் பல வம்சங்கள் உண்டு. ஒருவருக்கொருவர் குழம்பாமல் இருக்கத்தான் வம்சத்துக்கு ஒரு பட்டப்பெயர். என் அம்மா குருட்டுச் சேவல் வீட்டு மரியா. விசென்தேயைப் பெற்றவர் உப்புக்கார வீட்டு மரியா. கடைத்தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இந்தப் பெயர்களில்தான் சொல்வார்கள். ஆனால் பட்டப்பெயர் கோவில் ஏட்டில் ஏறாது. குருட்டுச் சேவலைப் பரிசுத்தப் புத்தகத்தில் எழுத எந்தச் சாமியாருக்கும் மனம் வந்ததில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஏட்டில் இல்லாத ஒன்று உலகத்திலும் இல்லை என்று முடிவு கட்டியதில்தான் கோபம்.

4. நடந்தது இதுதான். உப்புக்கார வீட்டு மரியா கல்யாணமாகாதவர். பக்கத்து ஊரான உமாங்கில், தன் அம்மாவின் பிறந்த வீட்டில் விசென்தேயைப் பெற்றுவிட்டு, சில நாட்களில் ஜன்னி கண்டு இறந்துபோனார். குழந்தையை வளர்க்க லுமோத்திலிருந்த அவருடைய அத்தை தொலோரெஸ் வாங்கிக்கொண்டார். பிள்ளையை உறவில் ஒருவர் வாங்கி வளர்ப்பது எங்களிடம் புதிதல்ல, கேவலமும் அல்ல. ஞானஸ்நானத்துக்கு யார் ஏந்துவது என்று பேச்சு வந்தபோது, அடுத்த வீட்டில் அதே பெயரோடு இருந்த என் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அப்போது அம்மாவுக்குப் பதினேழு வயது. செத்தவளின் பெயருள்ள ஒருத்தி உயிரோடு இருந்து பிள்ளையைத் தொட்டுத் தூக்கட்டும் என்பது தொலோரெஸின் ஆசை. அம்மா ஞானத்தாயானார். நான் பிறந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து, அவருக்குக் கல்யாணமான பிறகு.

5. பிறகு பெரும்புயலில் கோவில் ஏடுகள் நனைந்து, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அவற்றைப் புதிதாகப் படியெடுத்தார். விசென்தேயின் வரியில் தாய்க்கும் ஞானத்தாய்க்கும் ஒரே பெயர் இருப்பதைக் கண்டு, முதல் எழுத்தர் கைதவறி இரண்டு முறை எழுதிவிட்டார் என்று நினைத்திருக்கிறார். பெற்றவளே தன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்க முடியாது என்ற அளவுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. பெயர் ஒன்றானாலும் ஆட்கள் இரண்டு என்று வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஞானத்தாயின் பெயரை விட்டுவிட்டார். பிரசவம் பார்த்த உமாங் வீட்டாரும், தொலோரெஸும், என் அப்பாவும் போரில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாட்சி சொல்ல மிஞ்சியது, குற்றம் சாட்டப்பட்ட என் அம்மா மட்டும்.

6. அம்மா பங்கு இல்லத்துக்குத் தானே நடந்துபோனார். நானும் கூட இருந்தேன். தந்தை லெயோபோல்ட் ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மறைப்பதில் பயனில்லை மகளே, பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்படாத பாவம் இல்லை என்றார். அம்மா அழவில்லை. நின்றபடியே சொன்னார்:

"பெத்தவ வேற, ஏந்தினவ வேற, சாமி. நான் ஏந்தினவ. பெத்தவ உமாங் மண்ணுக்குள்ள கிடக்கிறா. போய்ப் பாருங்க."

லுமோத்தின் அடக்க ஏட்டைப் பார்த்தார், பெயர் இல்லை. உமாங் ஏடு குண்டுவீச்சில் எரிந்துபோனதாகச் சொன்னார்கள். அங்கே கல்லறைத் தோட்டத்தில் தேடினோம், மரச்சிலுவைகளைக் கறையான் தின்றிருந்தது. நனைந்த பழைய ஏட்டையாவது பிரித்துப் பாருங்கள் என்று அம்மா கெஞ்சினார். தாள்கள் ஒட்டிப்போயிருக்கின்றன, தொட்டால் உதிர்ந்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள். அன்று மாலையே ஓரக்குறிப்பு எழுதப்பட்டது.

7. அதன் பிறகு ஊர் சும்மா இருக்குமா, தந்தை அவர்களே. "கல்யாணத்துக்கு முன்னாடியே தொட்டில் கட்டினவ" என்று அம்மாவின் காதுபடவே பேசினார்கள். மாதா சபையில் முப்பது பேர் முன்னால் கொடி பிடித்துப் போனவரைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். நான் என் தாயை நம்பினேன். ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அரசாங்க அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம் என்று விசென்தேயிடம் நானே வாய்விட்டுக் கேட்டேன்.

8. அவரால் முடியவில்லை. அவரைப் பற்றித் தாங்கள் தவறாக எண்ணக் கூடாது. என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். "பிள்ளைங்க தலையில கொட்டுற கை, விருந்துக்குச் சிவப்புச் சோறு ஆக்குமா?" என்று என் அம்மா எதிரிலேயே கேலி செய்வார். அப்படிப்பட்ட மனிதர் ஒரே வாரத்தில் பேச்சற்றுப்போனார். தாய் முகமே தெரியாமல் வளர்ந்தவரிடம், உன் தாய் அடுத்த வீட்டிலேயே உயிரோடு இருக்கிறாள் என்று சாமியார் சொல்லிவிட்டார். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று பாதி மனம், மெய்யாக இருக்க வேண்டும் என்று பாதி மனம். என்னைக் கைவிட்டால் அவருக்கு ஒரு அம்மா கிடைப்பார். அந்தத் தராசில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தக் கூடாது. அவர் கப்பற்படையில் சேர்ந்து போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் செய்துகொள்ளவில்லை.

9. இனி சொல்லப்போவதுதான் என் அம்மாவுக்கு எதிராக ஊர் காட்டும் பெரிய சாட்சி. விடுமுறையில் வரும்போதெல்லாம் விசென்தே எங்கள் வாசலில் வந்து நின்று, குனிந்து, அம்மாவின் கையை எடுத்து மூக்கில் ஒற்றிக்கொள்வார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்த்தாயா, ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றது ஊர். பெற்ற தாய்க்கும் ஞானத்தாய்க்கும் எங்கள் வழக்கத்தில் மரியாதை ஒன்றேதான் என்பது அந்த ஊருக்கே தெரியும், தெரிந்தேதான் பேசியது. அவர் மகனாகக் குனிந்தார். அம்மா ஞானத்தாயாகக் கை கொடுத்தார். ஏன் தடுக்கவில்லை என்று ஒருமுறை கோபத்தில் கேட்டேன். அந்தக் கையை நான் இழுத்தால் அவனுக்கு யாருமே இல்லை என்றார். 1979-இல் சாகும் தறுவாயில் அவஸ்தைப் பூசுதல் பெற்றபோதும், தன்னிடம் சொல்ல அந்தப் பாவம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

10. இவ்வாண்டு தவக்காலத்தில் உமாங் கோவிலின் மணிக்கூண்டுக் கூரையைப் பிரித்தபோது, எரிந்ததாகச் சொல்லப்பட்ட அடக்க ஏடு எண்ணெய்த்துணியில் சுற்றியபடி மேல்தட்டில் கிடைத்தது. குண்டுவீச்சுக்கு முன் யாரோ ஒளித்துவைத்திருக்கிறார்கள். நான் பேருந்து பிடித்துப் போனேன். அரைமணி நேரச் சாலைதான். அதில் இப்படி இருக்கிறது: "மரியா குரூஸ் நாபுதி, வயது பத்தொன்பது, லுமோத்தைச் சேர்ந்தவள், பிரசவ ஜன்னியில். ஆண் குழந்தை ஒன்றை விட்டுச் சென்றாள்." தேதி, விசென்தேயின் ஞானஸ்நானத்துக்கு முந்தைய வாரம். அந்த வாரம் மண்ணுக்குள் போனவர், ஐந்து வருடம் கழித்து என்னைப் பெற்றிருக்க முடியாது. அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கோவில்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

11. அந்தப் பதிவின் நகலைக் காட்டி, எங்கள் பங்கில் பழைய ஏட்டைப் பிரிக்க அனுமதி பெற்றேன். தாள்கள் உதிரவில்லை. நீராவி காட்டி, வெண்ணெய்க் கத்தியால் மெதுவாக விலக்கினோம், ஒரு பிற்பகல் வேலை. விசென்தேயின் வரியில் தாயின் பெயருக்கு முன் "காலஞ்சென்ற" என்றும், ஞானத்தாய் என்ற இடத்தில் அதே பெயரும் தெளிவாக இருக்கின்றன. படியெடுத்தவர் அந்தக் "காலஞ்சென்ற" என்ற சொல்லையும் சேர்த்தே விட்டிருக்கிறார். 1960-இல் அந்த ஒரு பிற்பகலை யாரும் எங்களுக்குத் தரவில்லை. இரண்டு பதிவுகளின் சான்றளித்த நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

12. அவர் அப்போது மருத்துவமனையில் இருந்தார். சொல்வதா வேண்டாமா என்று பல நாள் தடுமாறினேன். பிறகு தொலைபேசியில் இரண்டு பதிவுகளையும் வாசித்துக் காட்டினேன். தேதியை மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அப்போ எனக்கு அம்மாவும் இல்லாமப் போச்சு. உன்னையும் விட்டுட்டேன்."

பிறகு, ஏட்டை மாற்றிவிடு, உன் அம்மா பேர் சுத்தமாகட்டும் என்றார். ஆனால் தான் அவரை அம்மா என்று கூப்பிட்டதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லாதே என்றும், தன்னை அவர் பக்கத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

13. இப்போதைய பங்குத்தந்தை என் சான்றுகளைப் பார்த்தார், மறுக்கவும் இல்லை. ஆனால் ஓரக்குறிப்பை நீக்கத் தங்கள் எழுத்துமூல ஆணை வேண்டும் என்றும், அதுவரை ஏட்டில் உள்ளபடிதான் தம்மால் நடக்க முடியும் என்றும் கூறுகிறார். அதன்படி கோவில் பலகையில் அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டது: "மறைந்த மரியா குரூஸ் நாபுதியின் மகன் விசென்தே. ஒன்பது நாள் ஜெபமாலை அன்னாரின் தங்கை ரூஃபினா இல்லத்தில்." ஊர்ப் பெண்கள் இப்போதே வந்து, அண்ணனுக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு, கோழிக்கறியா மீனா என்று அன்போடு கேட்டுப் போகிறார்கள். அவர்களிடம் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை.

14. ஆகவே தங்களைப் பணிந்து வேண்டுவது: மேற்படி ஓரக்குறிப்பை நீக்க வேண்டும். விசென்தேயைப் பெற்றவர் உமாங்கில் அடங்கிய மரியா என்றும், ஞானத்தாய் லுமோத்தில் அடங்கிய மரியா என்றும் பதிய வேண்டும். என் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே, அவர் ஏந்திய பிள்ளையாக விசென்தேயை அடக்கம் செய்ய அனுமதிக்க வேண்டும். உமாங்கில் கிடப்பவருக்கு இதுவரை யாரும் ஒரு மெழுகுவர்த்தி வைத்ததில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

15. கடைசியாக ஒன்று. இது திருச்சபைச் சட்டத்தில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பெட்டி வந்து இறங்கும்போது, நெருங்கிய உறவு என்று என்னை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அங்கே எனக்கு இடம் வேண்டாம். கடைசி பெஞ்சில் ஊராரோடு ஊராராக உட்கார்ந்துகொள்கிறேன். ஜெபமாலையை வேறு யார் வீட்டிலாவது வைத்துக்கொள்ளட்டும், சமையலுக்கு நான் போய் நிற்கிறேன். அறிவிப்பிலிருந்து என் பெயரையே எடுத்துவிட்டாலும் வருத்தமில்லை. ஆனால் நான் அழும்போது, அண்ணனுக்காக அழுகிறாள் என்று யாரும் சொல்லக் கூடாது. அதற்குத் தங்கள் கையெழுத்து ஒன்று போதும்.

நாள்: 1988 அக்டோபர் 11, செவ்வாய்
இடம்: லுமோத்

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,

ரூஃபினா நாபுதி கிச்சோச்சோ
(குருட்டுச் சேவல் வீட்டு மரியா பெற்ற ஒரே பிள்ளை)