கூந்தல்மணிக்கு ஒரு அறை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தலைநகர் பிஷ்கெக்கின் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. முதுகலைக்கு இடம் உறுதி. விடுதியில் இருவர் தங்கும் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம். வேண்டுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும்.

நாரின் மாவட்டப் பத்திரிகையில் பதினோரு வருடம். முப்பத்துநாலு வயதில் மறுபடியும் மாணவி. ஆசிரியர் கைகுலுக்கினார். “பிஷ்கெக்ல தங்கறதுக்கு உனக்கென்ன கவலை, அண்ணி வீடு இருக்கு” என்றார். இன்று நாலு பேர் இதையே சொன்னார்கள். ஒருவர்கூடக் கேள்வியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

செய்தி எழுதுவதுபோல எழுதிப் பார்க்கிறேன். அண்ணி வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மினி பஸ்ஸில் ஐம்பது நிமிடம், காலையில் நின்றுகொண்டு. விடுதியிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். நூலகம் எட்டு மணி வரை.

இவை உண்மைகள். காரணம் இவை அல்ல.

காரணம் இது: முதல் பட்டம் படித்த நாலு வருடமும் உலான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், பாஸ்போர்ட் எடுக்க வருகிறவர்கள், கல்யாணத்துக்குத் துணி வாங்க வருகிறவர்கள் என்று நாரினிலிருந்து வந்த எல்லோரும் அந்த வீட்டில்தான் இறங்குவார்கள். அண்ணி சமைப்பாள். வாசல் பக்கம் உட்கார்ந்து நான் தேநீர் ஊற்றுவேன். மடியில் புத்தகம், கையில் கெண்டி. அண்ணன் இறந்து நாலு வருடம் ஆன பிறகும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அண்ணி தனியாகச் சமைத்து, தானே ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்ல?

மாலையில் அண்ணி போன் செய்தாள். “கூந்தல்மணி, அறைக்குப் புதுசா வெள்ளையடிச்சாச்சு. மேஜைய ஜன்னல் பக்கம் நகர்த்திட்டேன். படிக்கறதுக்கு வெளிச்சம் வேணும்ல?”

எனக்குப் பதினாலு வயதில், துர்சுனாய் அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அன்று என் பின்னலில் கட்டியிருந்த மணியைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தாள். கணவன் வீட்டார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். இருபது வருடத்தில் அவள் ஒருமுறைகூட என்னைப் பெரிசாத் என்று கூப்பிட்டதில்லை.

“சரி அண்ணி” என்று சொல்லி வைத்தேன். எதற்குச் சரி?

ஆகஸ்ட் 22, வெள்ளி

விடுதிக்குச் சம்மதம் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு. பிஷ்கெக்

நேரில் போய்ச் சொன்னேன். அதுவும் வாசற்படியிலேயே நின்று.

“அண்ணி, விடுதியில இடம் கிடைச்சிருக்கு. அங்கயே தங்கிக்கறேன்.”

கையில் மாவோடு நின்றாள். “உள்ள வா, பேசலாம்.”

“நேரமாச்சு அண்ணி.”

“சரி, ரொட்டியையாவது தொட்டுட்டுப் போ.”

யார் வாசலுக்கு வந்தாலும் ஒரு துண்டு ரொட்டி பிட்டு வாயில் போட்டுக்கொண்டுதான் போவார்கள். சண்டைக்காரன்கூட. எனக்குத் தெரியும், உள்ளே போய் அந்த ரொட்டியைத் தொட்டு, புதுச் சுண்ணாம்பு அடித்த அறையைப் பார்த்தால் என்னால் சொன்னதில் நிற்க முடியாது. பஸ் போய்விடும் என்றேன். மினி பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் என்பது அவளுக்கும் தெரியும்.

தட்டோடு வந்து நின்றாள். நான் அதற்குள் படி இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அம்மா நாரினிலிருந்து கூப்பிட்டாள். “ஏண்டி, விடுதின்னு கேள்விப்பட்டேன். அண்ணி வீட்டுக்கு என்ன ஆச்சு?”

“அங்க இடம் இல்லம்மா.”

“மூணு அறை வீட்டுல இடம் இல்லயா? உங்கண்ணன் போனதும் நாமல்லாம் அவளுக்கு அந்நியமாயிட்டோமா?”

அந்த இடத்தில் நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அவ என்னைக் கூப்பிட்டாம்மா, நான்தான் வரலேன்னேன் – ஒரே வரி. பதினோரு வருடம் அடுத்தவர்கள் சொன்னதைச் சரிபார்த்து எழுதியவளுக்குத் தன் வாயில் வந்த ஒரு வரியைச் சரிசெய்யத் தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

அறை நன்றாக இருக்கிறது. கதவு சாத்துகிறது. உடன் இருப்பவள் மேரிம், ஜலாலாபாத்காரி, இருபத்துமூன்று வயது. என்னை “அக்கா” என்கிறாள். குறட்டை விட மாட்டேன் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தாள், பொய்.

இரண்டு புத்தகம் முடித்துவிட்டேன். தேநீர் நானே எனக்கு ஊற்றிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

ஷர்ஷென் பெரியப்பா கண் அறுவைக்கு நகரத்துக்கு வந்து போயிருக்கிறார். லாட்ஜில் தங்கினாராம். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அம்மாதான் சொன்னாள், ஒன்றும் நடக்காத மாதிரி: “சொந்த நாத்தனாருக்கே இடம் இல்லாத வீட்டுல கிழவன் எப்படிப் போய் நிப்பான்?”

நான் என்ன சொன்னேன்? கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

செப்டம்பர் 20, சனி. நாரின்

பெரியப்பாவின் பேரனுக்குத் தொட்டில் விருந்து. எழுபது பேர் இருக்கும். கண்ணால் தேடினேன், அண்ணி இல்லை. தொட்டிலில் குழந்தையைக் கட்டிப் போடும்போது முதல் முடிச்சு எங்கள் குடும்பத்தில் அவள்தான் போடுவாள். கைராசி என்பார்கள்.

“அண்ணி வரலயா?”

“கூப்பிடல” என்றாள் அம்மா, தட்டை அடுக்கிக்கொண்டே.

பக்கத்தில் இருந்த அத்தை ஒருத்தி, “வாசல்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பிட்டாளாம், பாவம் இந்தப் பொண்ணு” என்று என் முதுகைத் தடவினாள். வாசல் வரைக்கும் செய்தி சரி. நின்றது யார், திருப்பியது யார் என்பதுதான் மாறிப்போயிருக்கிறது.

இறைச்சியை என் தட்டில் வைத்தார்கள். சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். தூங்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

வகுப்பில் நேர்காணல் முறை பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். சொல்லாமல் விடுவதும் பொய்தான் என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். வாய் கூசவில்லையா உனக்கு?

அக்டோபர் 5, ஞாயிறு

எங்கள் பத்திரிகையில் திருத்தம் எப்போதும் நாலாம் பக்கம், கீழே, பொடி எழுத்தில். தவறு முதல் பக்கத்தில் வந்திருந்தாலும் அப்படித்தான். அதற்காக ஆசிரியரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அறுபத்தொரு பேர் இருக்கும் குழு, அண்ணியும் இருக்கிறாள்.

“திருத்தம். துர்சுனாய் அண்ணி வீட்டில் எனக்கு இடம் இல்லை என்று ஆகஸ்ட் 25 அன்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய். அண்ணி எனக்காக அறைக்கு வெள்ளையடித்து, மேஜை போட்டு வைத்திருந்தாள். தனியாக இருக்க ஆசைப்பட்டு நான்தான் வேண்டாம் என்றேன். வாசலில் ரொட்டி கொடுத்தாள், அதையும் தொடாமல் வந்தேன். தொட்டில் விருந்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிசாத்.”

மேரிமிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். “அக்கா, ‘ஆசைப்பட்டு’ன்னு போட்டா உங்களச் சும்மா விட மாட்டாங்க. ‘படிப்புக்காக’ன்னு மாத்திடுங்க” என்றாள். மாற்றவில்லை.

யாரும் ஒரு மணி நேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு யாரோ ஒரு நாய்க்குட்டிப் படம் போட்டார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

அம்மா. “ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் இந்த வாயால அவள என்னவெல்லாம் பேசியிருக்கேன் தெரியுமா?”

பெரியப்பா அண்ணிக்குப் போன் செய்தாராம். என்ன பேசினார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

அண்ணி கூப்பிட்டாள். நடைபாதையில் நின்று எடுத்தேன்.

“பெரிசாத், ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. நகரத்துக்குக் குடிவந்திருக்கே, எருலுக் போடணும்ல?”

எருலுக் என்பது புதிதாகக் குடிவந்தவருக்கு முன்பே இருக்கிறவர்கள் போடும் விருந்து. தனி அடுப்பு வைத்தவர்களுக்கு. வீட்டுப் பெண்ணுக்கு அது கிடையாது.

அதுகூடப் பரவாயில்லை. பெரிசாத் என்றாள். என் பெயர்தான். இருபது வருடம் சொல்லாத பெயர்.

அக்டோபர் 19, ஞாயிறு

கதவைத் திறந்தது யாரோ ஒரு பெண். சல்தனாத், தலாஸ்காரி, நர்சிங் முதல் வருடம். என் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். மேஜை ஜன்னல் பக்கம்தான் இருந்தது. அதன்மேல் அவளுடைய புத்தகங்கள்.

என்னை வாசலுக்கு எதிரே, மரியாதைக்குரிய விருந்தாளிகள் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தாள் அண்ணி. அந்த வீட்டில் நான் உட்கார்ந்தே இராத இடம். முதல் விருந்தாளிக்குரிய பெரிய எலும்பு என் தட்டில். சல்தனாத் கெண்டியோடு வாசல் பக்கம் உட்கார்ந்தாள்.

“அண்ணி, நான் ஊத்தறேன்.”

“உக்காரு. விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது.”

சல்தனாத் இறைச்சி அரியப் போனதும் கேட்டேன். “எழுதினதப் படிச்சீங்களா?”

“படிச்சேன். பத்திரிகைக்காரி எழுத்து. ஒரு பிழை இல்ல.” மேசை விரிப்பை நீவினாள். “நீ வேற இடத்துல தங்கினது எனக்கு வருத்தம்தான். ஆனா புரியாம இல்ல. எனக்கும் இந்தக் கதவச் சாத்திக்கணும்னு எத்தனையோ நாள் தோணியிருக்கு. நான் உன்ன வேண்டாம்னு சொன்னதாப் பேசறப்போ நீ அங்க உக்காந்து சாப்பிட்டே பாரு. அதுதான் எனக்கு ஆறல.”

“தப்பு அண்ணி.”

“ம். ஆறிடும், சாப்பிடு.”

ரொட்டியை முதலில் பிட்டேன். அவள் பார்த்தாள்.

கிளம்பும்போது பொரித்த மாவுத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். “டப்பா எனக்கு வேணும். திருப்பிக் கொண்டு வா, பெரிசாத்.”

அக்டோபர் 28, செவ்வாய்

டப்பா கழுவி ஜன்னலில் இருக்கிறது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. என்ன போட?

மேரிம்: “ஆய்வுத் தலைப்புக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல அக்கா.”

நவம்பர் 7, வெள்ளி

அம்மா நாரின் பஸ்ஸில் வெண்ணெய் அனுப்பியிருக்கிறாள். இரண்டு பொட்டலம். எனக்கு ஒன்று போதும் என்பது அவளுக்குத் தெரியும். இன்னொன்று யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டப்பாவில் சரியாகக் கொண்டது.

நவம்பர் 9, ஞாயிறு

மணி அடித்தேன். உள்ளேயிருந்து சல்தனாத், “யாரு?” என்று கேட்டாள். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“கூந்தல்மணியாத்தான் இருக்கும். தொறந்து விடு.”

காலணியைக் கழற்றினேன். என் பழைய இடத்தில் சல்தனாத்தின் பூட்ஸ் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டப்பாவோடு உள்ளே போனேன்.