அம்மா வந்துட்டேன்

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஓவியா அப்பாவுக்கு,

அருணாதேவி எழுதிக்கொள்வது. நானும் ஓவியாவும் நல்லா இருக்கோம். மஸ்கட்டில் உங்க உடம்பும் வேலையும் நல்லபடியா இருக்கணும்னு தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கறேன். போன் இருக்கறப்போ எதுக்குடி கடிதாசின்னு சிரிப்பீங்க. சிரிங்க. இந்த வீட்டுல நான் போனைக் கையில எடுத்தாலே, தம்பியா, ஸ்பீக்கர்ல போடுன்னு உங்க அக்கா வந்து பக்கத்துல உட்கார்ந்துடறாங்க. வாட்ஸ்அப்புல எழுதினா, அருணா என்னமோ புலம்பறா பாருன்னு நீங்களே அதை அக்காவுக்கு அனுப்பிடுவீங்க. போன தடவை அனுப்பினீங்கதானே? அதனாலதான், உங்க ரூம்ல தங்கியிருக்கற பிரகாஷ் லீவு முடிஞ்சு கிளம்பறப்போ அவர்கிட்ட குடுக்கற முறுக்கு டப்பாவுக்கு அடியில இதை வைக்கறேன். படிச்சதும் கிழிச்சிடுங்க.

அடுத்த மாசம் நான் வேலூர்ல ஸ்கேன் சென்டர் வேலைக்குத் திரும்பணும். அதுக்குள்ள அக்கா வீட்டுல தங்கிப் பாரு, பாப்பாவுக்குப் பழகிட்டா அங்கேயே விட்டுட்டு வேலைக்குப் போ, வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கோன்னு சொன்னீங்க. நானும் தலையாட்டிட்டு வந்தேன். வந்த அன்னிக்கே பூனைங்களைப் பத்திச் சொன்னேன். நீங்க காதுலயே போட்டுக்கல. பூனை என்னடி பண்ணும்னு கேட்டீங்க.

உங்க அக்கா மூணு பூனை வச்சிருக்காங்க. சேட்டு, கருப்பி, ரோஜா. சேட்டு நம்ம ஓவியாவை விட வெயிட்டு ஜாஸ்தி இருக்கும். மூணுக்கும் தடுப்பூசி போட்டிருக்குன்னு சொல்றாங்க. சரி, போட்டிருக்கட்டும். ஆனா சேட்டுக்குத் தூளின்னா உயிர். உங்க அக்காவோட பழைய நூல் புடவையிலதான் தூளி கட்டியிருக்கு. ஆறு மாசக் குழந்தைக்குக் கட்டின தூளியில அது ஏறிப் படுத்துக்கிட்டு என்னையே முறைக்குது. என்கூட வேலை செய்யற ஹைமவதி, பால் வாசனைக்குப் பூனை வந்து குழந்தை மூஞ்சி மேலயே உட்கார்ந்துக்கும்னு போன்ல சொல்லிட்டா. அதுல இருந்து எனக்குத் தூக்கமே போச்சு. பால் குடுத்ததும் ஈரத்துணியால வாயைத் துடைக்கறேன், தூளி மேல கொசுவலை போட்டுக் கிளிப் மாட்டறேன், பாத்ரூமுக்குப் போனாலும் ரூம் கதவைச் சாத்திட்டுப் போறேன். உங்க அக்கா வீட்டுக்காரர் பரசுராமன் அண்ணன் நல்ல மனுஷன். பூனைங்க வெளிக்குப் போற மண் தட்டை அவரே எடுத்துப் பின்பக்கம் வச்சுட்டார். உங்க அக்காதான், அருணா ஏன் இப்படி ஜெயில் மாதிரி பண்றான்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கறாங்க.

பூனை மட்டும்னா பரவால்லைங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது, எனக்கு வயிறு எரியுது. நான் தோள்ல போட்டுத் தட்டினா ஓவியா வில்லு மாதிரி வளைஞ்சு கத்தறா. உங்க அக்கா இடது தோள்ல போட்ட உடனே கண்ணு சொருகிடுது. தம்பிக்கும் இப்படித்தான், இடது தோள்தான் வேணும்னு சொல்றாங்க. உங்க அம்மா போனப்புறம் உங்களை வளர்த்தவங்க, எல்லாம் தெரிஞ்சிருக்கும்தான். ஆனா உங்களைப் பத்தி எனக்குத் தெரியாததை ஒண்ணொண்ணா எடுத்து என் முன்னாடி வைக்கறப்போ, நான் என்னமோ நேத்து வந்தவ மாதிரி இருக்கு. நீங்களும்தான் போன் பண்ணா முதல்ல அக்கா சாப்பிட்டாங்களான்னு கேக்கறீங்க. நான் சாப்பிட்டேனான்னு கடைசியில, அதுவும் ஞாபகம் வந்தா!

அதை விடுங்க. இவங்க வீட்டுல ஒரு வார்த்தை இருக்கு. பூனைங்களுக்குச் சோறு வைக்கறப்போ, அம்மா வந்துட்டேன், வாங்க வாங்கன்னு கூப்பிடுவாங்க. எந்தத் தெருவுல இருந்தாலும் மூணும் ஓடி வந்துடும். அதே வார்த்தைதான் ஓவியாவுக்கும். காலையில தூளிக்குள்ள குனிஞ்சு, அம்மா வந்துட்டேன்டி செல்லம்ங்கறாங்க. முதல் தடவை கேட்டப்போ கையில இருந்த தோசைக்கரண்டியை அப்படியே கீழ போட்டேன். அண்ணி, நீங்க அத்தைன்னு சொன்னேன். ஐயோ, பூனைங்களோட பேசிப் பேசி வாய்க்கு அதுவே வருது, பழக்க தோஷம்னாங்க. மறுநாளும் அதே பழக்க தோஷம். குழந்தை இல்லாதவங்க, பாவம், சொல்லிட்டுப் போகட்டும்னு நீங்க சொல்வீங்க. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனாலும் என்னால அந்த வார்த்தையை விட்டுக் குடுக்க முடியல.

இப்போ நடந்ததைச் சொல்றேன், பதறாதீங்க, ஓவியாவுக்கு ஒண்ணும் இல்ல. பௌர்ணமி அன்னிக்குக் கிரிவலக் கூட்டம், அண்ணன் காலையிலேயே ஆட்டோவை எடுத்துட்டுப் போயிட்டார். நான் கொல்லையில பாப்பா துணியை அலசிட்டு இருந்தேன். ஓவியா சிணுங்கியிருக்கா. உங்க அக்கா ரூம் கதவைத் திறந்து, கொசுவலையை எடுத்துட்டு, தூளி மேல குனிஞ்சு, அம்மா வந்துட்டேன்னு சொல்லியிருக்காங்க. அதுங்களுக்கு அது சோத்துக்கான குரல் இல்லையா? ஹால்ல படுத்திருந்த சேட்டு எழுந்து ஓடி வந்து, பெட்டி மேல ஏறி, ஒரே தாவு, நேரா தூளிக்குள்ள!

ஓவியா வீல்னு கத்தின சத்தத்துக்கு நான் சோப்புக் கையோட ஓடினேன். அதுக்குள்ள உங்க அக்கா கையைக் குறுக்கே விட்டு, பூனையைக் கழுத்தோட பிடிச்சு வெளியே வீசிட்டாங்க. ஓவியாவை வெளிச்சத்துல வச்சு காது மடல் வரைக்கும் புரட்டிப் பார்த்தேன். ஒரு கோடு கூட இல்ல. கீறல் எல்லாம் உங்க அக்கா கையில. முழங்கை வரைக்கும் ரத்தம். அந்தக் கையைப் பார்த்தா திட்டக் கூட வாய் வரல. இதுல கொடுமை என்னன்னா, ஓவியா என் தோள்ல அடங்கல. ரத்தம் வழியற அந்தக் கைக்குத்தான் தாவினா. குழந்தையை அவங்ககிட்ட குடுத்துட்டுக் கதவோரமா நின்னேன். ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்களுக்கு ஊசி போட்டுட்டு வந்தோம், அதுக்கும் நான்தான் ஆட்டோ பிடிச்சேன்.

திரும்பி வந்ததும் தண்ணி குடுத்துட்டு மெதுவா சொன்னேன். அண்ணி, தப்பு பூனையோடது இல்ல, உங்களோடதும் இல்ல, அந்த வார்த்தைதான். அதைக் கேட்டா சோறுன்னு நினைச்சு வருது. இனிமே பாப்பாகிட்ட அத்தை வந்துட்டேன்னு சொல்லுங்க, பூனை அது பாட்டுக்குப் படுத்திருக்கும்னு சொன்னேன். குழந்தையோட பாதுகாப்புக்காகச் சொல்ற மாதிரிதான் சொன்னேன். எதுக்காகச் சொன்னேன்னு உங்களுக்கே தெரியும். உள்ளுக்குள்ள, அப்பாடா, இப்போ மாட்டினீங்கன்னு கூட இருந்துச்சு. உங்க அக்கா கட்டுப் போட்ட கையையே பார்த்துட்டு இருந்தாங்க.

மறுநாள் காலையில பூனைங்க இல்லீங்க. மூணையும் பழக்கூடையில போட்டு மேல துணி கட்டி, அண்ணனோட ஆட்டோவுல ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸுல விட்டுட்டு வந்துட்டாங்க. அந்த வீட்டம்மாவுக்குப் பூனைன்னா இஷ்டமாம். எட்டு வருஷமா வளர்த்த சேட்டுவை! நான் அனுப்பச் சொல்லவே இல்லைங்க. அண்ணன் என்கிட்ட வந்து, ராத்திரி பூரா அழுதா, ஆனா கேக்கமாட்டேங்கறாம்மான்னு சொல்லிட்டுப் போனார். மத்தியானம் உங்க அக்கா முகத்தைக் கழுவிட்டு வந்தாங்க. தூளி மேல குனிஞ்சாங்க. அம்மா வந்துட்டேன்டி செல்லம்னு, பயமில்லாம, நல்லா சத்தமாவே சொன்னாங்க. எந்தப் பூனையும் வரல. ஓவியா திரும்பிப் பார்த்துச் சிரிச்சா.

வார்த்தையை விடுங்கன்னு நான் கேட்டேன். அவங்க பூனையை விட்டுட்டாங்க. பாப்பாவை இங்க விடமுடியாதுன்னு உங்ககிட்ட சொல்ல இப்போ எனக்கு ஒரு காரணமும் மிச்சம் இல்ல. அவங்களை மாதிரி பார்த்துக்க ஆளே கிடையாது, அதான் எனக்குப் பயமே.

ஓவியாவை என்கூடவே கூட்டிட்டுப் போறேங்க. வேலூர்ல கீழ்வீட்டு சரோஜாக்கா அவளைப் பகல்ல பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. சென்டர்ல இருந்து நடக்கற தூரம்தான், மத்தியானம் வந்து பால் குடுத்துட்டுப் போயிடுவேன். கஷ்டம்தான், தெரியும். படறேன்.

ஞாயித்துக்கிழமை நீங்க கூப்பிடறப்போ போன் ஸ்பீக்கர்ல இருக்கும், உங்க அக்கா ஓவியாவை மடியில வச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. இந்தக் கடிதாசியைப் பத்தி மூச்சு விடாதீங்க. நான் கேட்டதாவும் இருக்க வேணாம், நீங்களா சொன்னதா இருக்கட்டும். ஓவியாவைப் பத்திக் கூட எதுவும் சொல்ல வேணாங்க. அக்கா, போய்ப் பூனைங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவங்களுக்குப் புரிஞ்சிடும்.

அண்ணாமலையார் உங்களை நல்லா வச்சிருக்கட்டும். அக்காவையும்தான்.

உங்கள்
அருணா